"முகத்துல எதுவும் நடக்கலையே!"

கேள்வி:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். வயது 25. பி.காம். முடித்த கையோடு மாடலிங்குக்கு வந்தேன். ஐந்து வருடமாகப் பட்டுப்புடவைக் கடை, நகைக்கடை, மணப்பெண் அலங்கார போட்டோஷூட், அவ்வப்போது ராம்ப் ஷோ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தீபாவளிக்கு அவிநாசி ரோட்டில் என் படம் போட்ட பெரிய போர்டுகூட இருந்தது.

போன மாதம் சென்னையில் ஒரு மெகா சீரியலுக்கு ஆடிஷன் போனேன். நாயகியின் தங்கை வேடம். ஒரு பக்க வசனம் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பேசினேன். டைரக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "ஃபிரேம்ல ரொம்ப அழகா இருக்கீங்கம்மா. ஆனா முகத்துல எதுவும் நடக்கலையே" என்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது: "ஓகே பண்ணிட்டோம். குரலுக்கு வேற ஆள் வெச்சுக்கலாம்." சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை.

என் ஆசை சினிமா. சீரியலில் முகம் பழகிவிட்டால் சினிமாவில் எடுக்க மாட்டார்கள் என்கிறார்கள் தோழிகள். ஒரு கோஆர்டினேட்டர், ஐம்பதாயிரம் கட்டினால் நேராகப் பட ஆடிஷனுக்கே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். 25 வயதில் ஆரம்பிப்பது தாமதமோ என்ற பயமும் இருக்கிறது. அப்பா ஒன்றுதான் கேட்டார்: "உன்ற குரலே வேண்டாம்னா, அப்புறம் அது என்ன நடிப்பு கண்ணு?" அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாய்ப்பை ஒப்புக்கொள்ளலாமா?

— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

உங்கள் அப்பா கேட்டதுதான் இந்தக் கடிதத்தின் உயிரான கேள்வி. அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால், அந்த டைரக்டர் சொன்ன வரி முள்ளாகத் தைத்திருக்கும். அதை முதலில் எடுத்துவிடுவோம்.

முகத்தில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் ஐந்து வருடமாக உங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். புடவைக் கடைக்காரருக்கு உங்கள் துக்கமும் கோபமும் வேண்டாம். முந்தானை விரிந்து தெரிய வேண்டும். நகை விளம்பரத்தில் உங்கள் கண் பேச ஆரம்பித்தால் பார்ப்பவர் கண் ஆரத்தை விட்டுவிட்டு உங்கள் கண்ணுக்கு ஏறிவிடும். ராம்ப்பில் நடக்கிறவர்கள் யாரையும் பார்க்காமல், சிரிக்காமல் நடப்பதும் இதற்காகத்தான். உடுத்தியிருக்கும் துணி மேல் பார்வை நிற்க வேண்டும். ஒரு சிரிப்பைப் பிடித்து, போட்டோகிராஃபர் லைட்டை நகர்த்தி முடிக்கும்வரை அது வாடாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் திறமையோடு ஆடிஷனுக்குப் போனீர்கள். அது அங்கேயும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது.

நடிப்பில் முகம் கடைசியாக வருவது. எதிராளி ஒன்று சொல்கிறார். அது காதில் விழுகிறது. மூச்சு மாறுகிறது. அதற்குப் பிறகுதான் முகம் மாறும், சில நேரம் மாறாமலும் போகும். மாடலிங்கில் நீங்கள் பழகியது நேர் எதிர் வழி: முகத்தை முதலில் அமைத்துக்கொண்டு மற்றதை அதற்குள் அடக்குவது. உங்கள் ஆடிஷனை நான் பார்க்கவில்லை, ஆனால் இருபது வருடமாக இப்படி எத்தனையோ ஆடிஷன்களில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வசனத்தை ஒரு உதவி இயக்குநர் பேப்பரைப் பார்த்து ஒரே தாளத்தில் ஒப்பித்திருப்பார். அவர் எப்போது முடிப்பார் என்று நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையாவது இன்று ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் கேட்கவில்லை. கேமராவுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று மூச்சு. மாடலிங்கில் வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்தே நிற்கப் பழகியிருப்பீர்கள். ஐந்து வருடம் அப்படி நின்றால் மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்காது. குரல் தொண்டையிலிருந்து மெலிசாக வரும். வாக்கியத்தின் கடைசி இரண்டு சொல் விழுங்கிப்போகும். "குரலுக்கு வேற ஆள்" என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். இது கூடப் பிறந்த குறை கிடையாது. தொழிலால் வந்த பழக்கம். மாற்றலாம்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டி மெக்டவல் என்ற அமெரிக்க நடிகை. தென் கரோலினாக்காரர். பெரிய மாடலாக இருந்து, 1984-ல் 'கிரேஸ்டோக்' என்ற டார்ஜான் படத்தில் நாயகியானார். அவருடைய பேச்சில் தெற்கத்தி வாடை அதிகம். படத்தில் அவர் ஆங்கிலேயர் வீட்டில் வளரும் பெண். படம் வெளிவந்தபோது திரையில் இருந்தது அவர் முகம். கேட்டது கிளென் க்ளோஸ் என்ற இன்னொரு நடிகையின் குரல். எங்கே போனாலும் "குரல் கொடுக்கப்பட்ட நடிகை" என்ற பேச்சு அவரைத் தொடர்ந்தது. அவர் பயிற்சியாளர்களிடம் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து படித்தார். 1989-ல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த 'செக்ஸ், லைஸ் அண்ட் வீடியோடேப்' வந்தது. மெக்டவலுக்கு அதில் முக்கிய வேடம், அதே தெற்கத்திப் பேச்சு, சொந்தக் குரல். அந்தப் படத்துக்கு கான் விழாவின் தங்கப்பனை கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் எதை மறைத்தார்களோ அதையே வைத்துத்தான் அவர் நடிகை ஆனார். மாடலிங்கிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. சொல்லும்போதெல்லாம் எனக்கே தெம்பு வருகிறது.

லாரன் பகால் என்ற அமெரிக்க நடிகையின் கதை இதற்கும் முந்தியது. 1943 மார்ச்சில் ஒரு ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்த பெண். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் அவரை அழைத்தார். சிறுமிபோல் மேலேறும் அவர் குரல் ஹாக்ஸுக்குச் சரிப்படவில்லை. குரலைத் தாழ்த்திப் பழகச் சொன்னார். அந்தப் பெண் மலைச்சாலையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து காரை நிறுத்திக்கொண்டு, ஒரு நாவலைத் தாழ்ந்த குரலில் உரக்க வாசித்தார். மறுவருடம் படம் வந்தபோது உலகம் பேசியது அந்தக் குரலைப் பற்றி. அவருடைய புகழ்பெற்ற பார்வைக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் நாள் படப்பிடிப்பில் தலை நடுங்கியது. நடுக்கம் தெரியாமல் இருக்க முகவாயைக் கீழே அழுத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். பயத்தை மறைக்கச் செய்த காரியம் அவருடைய அடையாளம் ஆகிவிட்டது. நடுக்கம் உங்களுக்கும் வரும். வரட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் சினிமாவில் இரவல் குரல் புதிதல்ல, இழிவும் அல்ல. 1994-ல் உலக அழகிப் பட்டம் வாங்கிய ஐஸ்வர்யா ராய் முதலில் நடித்தது மணிரத்னத்தின் 'இருவர்' (1997) படத்தில்தான். அதில் அவருக்குக் குரல் கொடுத்தவர் நடிகை ரோகிணி. 1999-ல் மிஸ் சென்னை ஆன த்ரிஷா, அதற்குப் பத்து வருடம் கழித்து, நிலைத்த நட்சத்திரமான பிறகு நடித்த 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் ஜெஸ்ஸியாகப் பேசியது சின்மயி. மாடலாக இருந்த தீபிகா படுகோனேவின் முதல் இந்திப் படம் 'ஓம் சாந்தி ஓம்' (2007). அதில் கேட்பதும் அவர் குரல் கிடையாது. மோனா கோஷ் ஷெட்டி என்ற டப்பிங் கலைஞருடையது. பிறகு தீபிகா தன் குரலுக்கு வந்து நிலைத்தார்.

ஆகவே உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். டப்பிங் தியேட்டரில் அந்தக் கலைஞர் ஒரு திரைக்கு முன்னால் நின்று உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார். நீங்கள் எங்கே மூச்சு வாங்கினீர்களோ அங்கேதான் அவரும் வாங்குவார். எந்தச் சொல்லில் தயங்கினீர்களோ அங்கே அவரும் தயங்க வேண்டும். நீங்கள் படப்பிடிப்பில் வசனத்தை உணர்ந்து பேசவில்லையென்றால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவர் எவ்வளவு உயிர் கொடுத்தாலும் அது உங்கள் முகத்தில் ஒட்டாமல் தனியே கேட்கும். எனவே வாயை அசைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடிப்பில் பாதி அவருடையது, பாதி உங்களுடையது. அதே நேரம், அப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எப்போதும் பாதியாகவே இருந்துவிடக் கூடாது. முதல் தொடரில் இரவல் குரல் இருக்கட்டும். அடுத்ததில் உங்கள் குரல் கேட்க வேண்டும் என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சீரியலில் உங்களை மாதிரி மாடலிங்கிலிருந்து வருகிறவருக்கு ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. அதற்குப் பெயர் பிராம்ப்ட்டிங்.

சீரியல் செட்டில் காட்சிப் பேப்பர் பெரும்பாலும் அன்று காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரமில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு உதவி இயக்குநர் நின்றுகொண்டு வரி வரியாக வாசிப்பார். நீங்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். எப்படியும் டப்பிங் என்பதால் அவர் குரல் இடையில் விழுந்தாலும் பாதகமில்லை. ஒரு நாளில் நிறையக் காட்சிகளை முடிக்க இது வசதியான ஏற்பாடு. என்ன ஆகிறது தெரியுமா? உங்கள் காது எதிரே நிற்கும் அக்காவிடமோ மாமியாரிடமோ இருக்காது, பிராம்ப்ட்டரிடம் போய்விடும். பிறகு ரியாக்‌ஷன் ஷாட் வரும். யாரோ ஒரு செய்தி சொன்னதும் வீட்டிலிருக்கும் அத்தனை பேர் முகத்தையும் தனித்தனியாக, இசையோடு, நிறுத்திக் காட்டுவார்களே, அதுதான். அந்த நேரத்தில் எதிரே யாருமே இருக்க மாட்டார்கள். "அதிர்ச்சி கொடுங்கம்மா, பிடிங்க, பிடிங்க, ஓகே" என்பார் டைரக்டர். பிடித்து வைப்பதில் நீங்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர். நாலு மாதத்தில் செட்டில் எல்லோரும் பாராட்டுவார்கள். உங்கள் பழைய பழக்கத்துக்குத்தான் புதுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இதிலிருந்து தப்பிக்க வழி உண்டு. மேக்கப் போடும்போதே காட்சிப் பேப்பரைக் கேட்டு வாங்கி, உங்கள் வசனத்தை விட்டுவிட்டு எதிராளியின் வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்தால் உங்கள் பதில் தானாக நாக்கில் வந்து நிற்கும். பிராம்ப்ட்டரை எதிர்பார்க்கும் நேரம் குறையும். தனி ரியாக்‌ஷன் ஷாட் எடுக்கும்போது கூட நடிக்கிறவரைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று அந்த வரியைச் சொல்லச் சொல்லுங்கள். "அக்கா, ஒரே ஒரு வாட்டி சொல்லுங்கக்கா" என்று கேட்டால் மறுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருடைய ஷாட்டுக்கு நீங்களும் அதையே செய்யுங்கள். உங்கள் ஷாட் இல்லாத நேரத்தில் கேரவனில் உட்காராமல் மூத்த நடிகர்கள் வேலை செய்வதைப் போய்ப் பாருங்கள். நாடகத்திலிருந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் விடாதீர்கள்.

சீரியலில் முகம் பழகிவிட்டால் சினிமா கிடைக்காது என்ற பேச்சு ஒரு காலத்தில் பலமாக இருந்தது. இன்று அந்த அளவுக்கு இல்லை. உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர் வாணி போஜன். ஊட்டி. விமானப் பணிப்பெண்ணாக இருந்து, மாடலிங் செய்து, டிவிக்கு வந்தவர். 'தெய்வமகள்' தொடரில் 2013-லிருந்து ஏறக்குறைய ஐந்து வருடம் சத்யாவாக வீடுவீடாகப் போனார். 2020-ல் அவர் நடித்த 'ஓ மை கடவுளே' படம் வெளிவந்தது. ப்ரியா பவானி சங்கர் செய்தி வாசிப்பாளராக இருந்து, 'கல்யாணம் முதல் காதல் வரை' தொடரில் நடித்து, 2017-ல் 'மேயாத மான்' படத்துக்கு வந்தார். கொஞ்சம் பின்னால் போனால் மாதவன் இருக்கிறார். 1996-ல் சந்தோஷ் சிவன் எடுத்த ஒரு சந்தனப் பவுடர் விளம்பரத்தில் நடித்தார். சந்தோஷ் சிவன் சொல்லி 'இருவர்' படத்துக்கு ஸ்கிரீன் டெஸ்ட் நடந்தது. வேடம் கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் அவர் செய்தது டிவி: 'பனேகி அப்னி பாத்', 'சீ ஹாக்ஸ்' என்று இந்தித் தொடர்கள். பிறகு, 2000-ல் வெளிவந்த 'அலைபாயுதே'வுக்கு அதே மணிரத்னம் அழைத்தார். 'அலைபாயுதே'யின் கார்த்திக் கேமரா இருப்பதையே மறந்தவன்போல் நடமாடுவதில் டிவியில் உழைத்த அந்த நாட்களுக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அரவிந்த்சாமிக்கு வழி வேறு மாதிரி அமைந்தது. கல்லூரி நாட்களில் விளம்பரத்தில் நடித்தவரை மணிரத்னம் பார்த்து, 1991-ல் 'தளபதி'யில் கலெக்டர் ஆக்கினார், மறுவருடம் 'ரோஜா'. அப்படியும் நடக்கும். ஆனால் அதை நம்பி வீட்டில் காத்திருக்க முடியாது.

வயதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ரெனே ருஸ்ஸோ என்ற அமெரிக்க மாடலின் முதல் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 35. உங்களுக்கு 25. அடுத்ததற்குப் போவோம்.

ஐம்பதாயிரம் கேட்கும் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நடிக்க ஆள் தேடுகிற கம்பெனி உங்களுக்குப் பணம் தரும், உங்களிடம் வாங்காது. கோஆர்டினேட்டருக்குக் கமிஷன் உண்டு, நியாயம்தான். அது வேலை முடிந்து சம்பளம் கைக்கு வந்த பிறகு, அதிலிருந்து. முன்பணம் கேட்கிறவர், போர்ட்ஃபோலியோ தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்கிறவர், ராத்திரி ஓட்டல் அறையில் ஆடிஷன் என்கிறவர், எல்லோரும் ஒரே வரிசை. போனைத் துண்டியுங்கள். ஆபீஸில் நடக்கும் ஆடிஷனுக்குக்கூட முதல் தடவை யாரையாவது கூட அழைத்துப் போங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் கேட்டால் உங்களுக்குப் பின்னால் வரும் பெண்ணுக்கும் அது உதவும்.

ஒப்பந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. மாதத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட், ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, எத்தனை நாளில் கைக்கு வரும், பேட்டா உண்டா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பல தொடர்களில் உடைச் செலவு நடிகரின் தலையில்தான் விழும். உங்கள் வேடத்துக்கு அது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் கடை விளம்பரங்களைத் தொடரலாமா என்பது மிக முக்கியம். சேனலுக்கோ தொடருக்கோ விளம்பரம் தருகிற கடையின் போட்டிக் கடைக்கு நீங்கள் மாடலாக இருந்தால் பின்னால் சிக்கல் வரும். அந்த விளம்பர வருமானத்தைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். தங்கை வேடத்தின் டிராக் எப்போது வேண்டுமானாலும் முடியலாம். ஒரு நாள் "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் போட்டுவிட்டுக் கதை நகர்ந்துவிடும். வடபழனியிலோ சாலிகிராமத்திலோ வாடகைக்கு வீடு பார்க்கும் அவசரமும் வேண்டாம். முதல் மூன்று மாதம் ஷெட்யூலுக்கு ஷெட்யூல் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து போங்கள்.

இனி என் தொழிலான நடிப்புப் பயிற்சிக்கு வருகிறேன். ஆரம்ப வருடங்களில் மாடலிங்கிலிருந்து வருகிறவர்களிடம், "கற்றதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி அதை அப்படியே கேட்டாள். படப்பிடிப்பில் லைட்டை விட்டு விலகி விலகி நின்றாள். கேமராமேன் தவித்துப் போனார். என்னால்தான் அவள் தன் கையிலிருந்த தொழிலைத் தொலைத்தாள் என்று புரிந்தபோது மனசு கஷ்டப்பட்டது. அதன்பிறகு அப்படிச் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் லைட் கன்னத்தில் எங்கே விழுகிறது என்று உங்கள் தோலுக்குத் தெரியும். குனிந்து பார்க்காமல் மார்க்கில் போய் நிற்பீர்கள். கனமான பட்டும் நகையும் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் முகம் சுளிக்காமல் இருப்பீர்கள். போன ஷாட்டில் முந்தானை மடிப்பு எப்படி இருந்தது என்று கன்டினியூட்டி பார்க்கிறவருக்கு முன்னால் உங்களுக்கு ஞாபகம் வரும். நாடகத்திலிருந்து வந்த எனக்கு இதெல்லாம் கைகூட எத்தனையோ வருடம் ஆனது. இவை உங்கள் சொத்து. வைத்துக்கொள்ளுங்கள்.

விட வேண்டியது இரண்டு. ஒன்று, முகத்தின் நல்ல பக்கம். சட்டை விளம்பரங்களில் நடித்த ஒரு பையன் என்னிடம் படித்தான். சண்டைக் காட்சியில் எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் அவன் உடம்பு தானாக இடது கன்னம் தெரியும்படி திரும்பிக்கொள்ளும். கோபம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் கவனம் கன்னத்துக்குப் போனது. மூன்று வாரம் அவனைக் கேமராவுக்கு முதுகு காட்டியே பேச வைத்தேன். முதுகால் கோபப்படக் கற்றுக்கொண்ட பிறகு முகம் சரியாகிவிட்டது. அழுகையில் மூக்கு சிவந்து, வாய் கோணினால் கோணட்டும் என்று விடுங்கள்.

இரண்டாவது நடை. ராம்ப்பில் ஒரு கோட்டின் மேல் அடி வைத்து, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நடப்பீர்கள். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற தங்கை அப்படி நடக்க மாட்டாள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், காலில் செருப்பு இருக்கிறதா, இதெல்லாம்தான் அவளுடைய நடை. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கால்களை மட்டும் பாருங்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது என்றால், ஒரு மாதத்தில் ஹீரோயின் ஆக்குகிறேன் என்று போர்டு வைத்திருக்கும் இடங்களுக்கு வேண்டாம். நாடகக் குழுக்களைத் தேடுங்கள். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுகிற வேலையில் இருந்துகொண்டே பார்த்துப் பார்த்துப் படித்தவர். கோவையிலும் நாடகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கிற வேடம் கிடைத்தாலும் போய் நில்லுங்கள். மேடையில் எதிராளியைக் கேட்காமல் அடுத்த வரி வராது.

படத்துக்கு ஆடிஷன் வீடியோ அனுப்பும்போது போர்ட்ஃபோலியோ படங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஜங் ஹோ-யோன் என்ற கொரிய மாடல் ஃபேஷன் வாரத்துக்காக நியூயார்க்கில் இருந்தபோது, ஒரு தொடருக்கான காட்சிகளை அங்கிருந்தே நடித்துப் படம் பிடித்து அனுப்பினார். இயக்குநர் நேரில் வரச் சொன்னார். வடகொரியாவிலிருந்து தப்பி வந்த பெண் வேடம். அந்தப் பகுதிப் பேச்சைப் பழகினார். 'ஸ்குவிட் கேம்' 2021-ல் வந்தது. அதுதான் அவர் நடித்த முதல் தொடர். மறுவருடம் அமெரிக்கத் திரைநடிகர் சங்கத்தின் சிறந்த தொடர் நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. மேக்கப் இல்லாமல், வெள்ளைச் சுவருக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் பேசி எடுத்தால் போதும். எதிர் வசனத்தைத் தோழி ஒருத்தி வாசிக்கட்டும்.

கடைசியாக, இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று. ஆடிஷனில் கொடுத்த அந்த ஒரு பக்க வசனம் இன்னும் உங்களிடம் இருக்கும். எதிர் வசனத்தை அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு நடிக்கத் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடுமாறித் தடுமாறி, அவருடைய கொங்குத் தமிழிலேயே வாசிக்கட்டும். நீங்கள் முருங்கைக்காயோ வெங்காயமோ நறுக்கிக்கொண்டே பதில் சொல்லுங்கள். கை வேலையில் இருந்தால் முகத்தைப் பிடித்து வைக்க முடியாது. வயிற்றைத் தளர்த்திவிடுங்கள். நீங்களும் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். பத்துத் தடவை ஆகட்டும். போனைச் சன்னல் மேல் வைத்துப் பதிவு செய்து, மறுநாள் காலையில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் அப்பா சொன்னதற்கு நிஜமாகவே பதில் சொல்லியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வரியோ இரண்டு வரியோ இருக்கும். அதற்குப் பிறகு சென்னைக்கு போன் போட்டு, "சார், ஒப்புக்கிறேன். ஆனா குரல் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க, சரியா வரலைன்னா வேற ஆள் வெச்சுக்கலாம்" என்று கேளுங்கள்.